சிரிக்கிற ஷாட்

மூச்சு விட்டால் கண்ணாடி வேர்க்கிறது, விடாவிட்டால் காது அடைக்கிறது, மூக்கில் வைத்த பஞ்சு ஈரம் குடித்துக் கனத்துப்போய் மேலுதட்டைத் தொடுகிறது, நெற்றியில் ஒட்டிய நாணயம் வேர்வையில் நழுவப் பார்க்கிறது, எழில் அசையக் கூடாது, இமை ஆடக் கூடாது, ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிற பிணம் இமைத்துவிட்டால் ஏழரை மணிக்குத் தமிழ்நாடே சிரித்துவிடும். கட், என்கிறார் டைரக்டர் குணாளன், கண்ணாடில மறுபடியும் ஆவி படியுது எழில், நாப்பது செகண்டு தம் கட்ட முடியாதாப்பா. மூடியைத் தூக்குகிறார்கள், உள்பக்கத்தைத் துணியால் துடைக்கிறார்கள், வெளிக்காற்று முகத்தில் படுகிறது, அதுவும் சூடுதான், ஆடி மாதத்து வளசரவாக்கத்துக் காற்று வேறு எப்படி இருக்கும். பெட்டி ஷூட்டிங்குக்காகச் செய்ததில்லை, சாவு வீடுகளுக்குப் போய் வருகிற நிஜப் பெட்டி, நேற்றுவரை யாருக்கோ வேலை பார்த்திருக்கிறது, ரப்பர் விளிம்பில் ஒரு சாமந்தி இதழ் காய்ந்து ஒட்டியிருந்ததைக் காலையில் படுக்கும்போதே எழில் பார்த்துவிட்டார், பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

சாகிறவள் யாமினி, நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடாகப் புடவை கட்டி, இடுப்புவரை விக் வைத்து, மாமியாரிடம் திட்டு வாங்கி, கோயில் கோயிலாகச் சுற்றிய யாமினி, அவளை எழில்தான் தூக்கிச் சுமந்தார். சீரியலில் ஒருவரை வேலையை விட்டு அனுப்ப ஒரு வழக்கம் உண்டு, கடிதம் கொடுப்பதில்லை, கூப்பிட்டுச் சொல்வதுகூட இல்லை, போட்டோவுக்கு மாலை போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான், மறுநாள் செட்டுக்குப் போனால் சுவரில் நாம் சந்தனப் பொட்டோடு சிரித்துக்கொண்டிருப்போம். எழிலுக்கு அந்த அளவுக்கு அவமரியாதை செய்யவில்லை, டிஆர்பி நன்றாக இருக்கிற பாத்திரம், அதனால் மூன்று நாள் சாவு, விபத்து, ஆஸ்பத்திரி, ஐஸ் பெட்டி, பிறகுதான் மாலை. குணாளன் இதை நல்ல செய்திபோலச் சொன்னார், எழிலும் நல்ல செய்திபோலக் கேட்டுக்கொண்டார், அறையை விட்டு வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலை போவதற்காக அல்ல, வேலை இன்று போகும் நாளை வரும், யாமினி போய்விட்டால் அம்மா யாரிடம் பேசுவாள் என்பதற்காக.

படுத்துக்கொண்டே இருந்தால் நினைப்பு எங்கே போகும், துறையூருக்குத்தான் போகும், ஒன்பது வயது, சமயபுரத்தில் மொட்டை போட்டு ஒரு மாதம், தலை முள்ளு முள்ளாக இருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் அப்பா நேரக் காப்பாளர், அவர் உட்கார்ந்திருக்கிற கூண்டுக்குள் எழில் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு நிற்கிறார், பச்சமலை அடிவாரத்தில் ஷூட்டிங் நடத்துகிற கூட்டத்திலிருந்து ஓர் ஆள் பழைய பஸ் கிடைக்குமா என்று கேட்க வருகிறார், பஸ்ஸைப் பார்க்காமல் எழிலைப் பார்க்கிறார், தம்பி, சைக்கிள் ஓட்டுவியாடா. சார், அது பொண்ணு, என்று அப்பா சிரிக்கிறார். இருக்கட்டும் சார், ஸ்கிரீன்ல யாரு கேக்கப் போறா. பதினோரு நாள், ஹீரோவின் சின்ன வயசு, காக்கி டிராயர், பித்தான் இல்லாத சட்டை, மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான் நடிப்பு. தம்பி என்று எல்லோரும் கூப்பிட்டார்கள், அந்தச் சொல்லும் உடம்பில் முழுசாகச் சரியாக உட்காரவில்லை, ஆனாலும் பாப்பா என்பதைவிட உறுத்தல் கம்மி, ரெண்டுக்கும் நடுவே மூச்சுவிட ஓர் இடம் இருக்கிறது என்று அந்தப் பதினோரு நாளில்தான் தெரிந்தது. படம் வந்தபோது அப்பா பஸ் ஸ்டாண்டையே திரட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார், சைக்கிள் வருகிற இடத்தில் எழுந்து நின்று, அது எம்மவதான், எம்மவதான் என்று இருட்டில் எல்லோருக்கும் சொன்னார். மனிதர் அப்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

ரோலிங், ஆக்‌ஷன், தம் கட்டு, ஒன்று இரண்டு மூன்று, வேதவல்லியம்மா கண்ணாடியில் கைவைத்து அழுகிறார், தொடரில் மாமியார், நானூறு எபிசோடாக யாமினியைக் கரித்துக்கொட்டியவர், இடைவேளையில் தன் டிபன் டப்பாவைத் திறந்து எழிலுக்குப் பாதி கொடுத்த பிறகுதான் தான் சாப்பிடுவார், பதினேழு பதினெட்டு, பிறகு முடி வளர்ந்தது, வளர்த்தார்கள், பதின்மூன்றில் தாவணி கட்டி ஸ்டுடியோவில் ஒரு படம், அம்மா ரெட்டை ஜடை பின்னி முல்லைச் சரம் வைத்தாள், கழுத்தைத் திருப்பாதே என்று போட்டோக்காரர் சொன்னார், அன்றைக்கும் இப்படித்தான் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருபத்தெட்டு, திருச்சியில் கல்லூரி, குறும்படங்கள், சென்னை, கதாநாயகியின் தோழியாக மூன்று படம், மூன்றிலும் ஒரே வேலை, கதாநாயகி காதலிப்பதைப் பார்த்துச் சிரிப்பது, பிறகு ஒரு சின்னப் படம், அதில் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்காத ஒரு மனிதராக எழில் நடித்தார், அதற்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டினார், வெட்டிய அன்று கண்ணாடியில் பச்சமலையிலிருந்து சைக்கிளில் இறங்கி வந்த முகம் பெரிதாகி நின்றது, படம் நாலு ஊர் விழாவுக்குப் போனது, தியேட்டருக்கு வரவேயில்லை, முப்பத்தாறு. கட். பஞ்சு ஆடுது, என்றார் கேமராமேன். பஞ்சு ஆடத்தான் செய்யும், உயிருள்ள மூக்கு.

அந்தச் சின்னப் படத்துக்காகத்தான் தை மாதம் ஒரு பேட்டி. நான் பெண்ணில்லை, அதனால் ஆண் என்றும் அர்த்தமில்லை, ரெண்டு டப்பாவிலும் நான் அடங்கவில்லை, நான்-பைனரி என்பார்கள், எனக்கு எழில் என்றாலே போதும், என்று எழில் சிரித்துக்கொண்டே சொன்னார். யூடியூபில் தலைப்பு வேறு மாதிரி வந்தது, அதை இங்கே எழுதுவானேன். தொடருக்கு விக் இருந்ததால் யாமினி பிழைத்தாள், எழில் பிழைக்கவில்லை. அப்பா போனில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார், பஸ் ஸ்டாண்டுல என்னால உக்கார முடியல, இனிமே இங்க போன் பண்ணாத. அம்மா வாங்கிப் பேசவில்லை. மாசி, பங்குனி, ஒன்றும் இல்லை. சித்திரையில் யாமினிக்கு விஷக் காய்ச்சல் வந்தது, கதையில்தான், இரண்டு நாள் இழுத்தார்கள், இரண்டாம் நாள் எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு அம்மாவின் பட்டன் போனிலிருந்து அழைப்பு. காய்ச்சல் விட்டுருச்சா. எழிலுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் பயமாக இருந்தது, பயத்தோடேயே, விட்டுருச்சும்மா என்றார். அந்த மாமியாக்காரி கஞ்சியாவது வச்சுக் குடுத்தாளா. குடுத்தாங்கம்மா. டிவில உன் குரல் நல்லாருக்கு, போன்லதான் கட்டையா கேக்குது. டிவியில் பேசுவது எழிலின் குரலே அல்ல, டப்பிங், எழிலின் கரகரப்புக் குரல் மருமகளுக்குப் பொருந்தாது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார்கள், அதையும் எழில் சொல்லவில்லை.

அப்போதிருந்து வாரம் ஒருமுறை, எட்டு மணிக்குப் பிறகு, அம்மா யாமினியோடு பேசினாள், நகையைக் கழட்டிக் குடுத்துட்டியே பைத்தியக்காரி என்று திட்டினாள், அந்தக் கொழுந்தன்கிட்ட ஜாக்கிரதையா இரு என்றாள், எழில் யாமினியாகப் பதில் சொன்னார். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா, இல்லை, அப்பாவுக்குத் தெரியாமல் பிள்ளையோடு பேச அவள் கண்டுபிடித்த வழியா, எத்தனையோ நாள் யோசித்தும் எழிலால் முடிவுக்கு வர முடியவில்லை, முடிவுக்கு வரவும் பிடிக்கவில்லை. அந்த வழி இருக்கிறவரை இருக்கட்டும். அதனால்தான் கதாசிரியரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், சார், யாமினிய வெளிநாட்டுக்கு அனுப்பிடுங்க, படிக்க அனுப்புங்க, காணாமப் போகட்டும், எதுன்னாலும் பரவால்ல, சாக மட்டும் வேணாம். காணாமப் போனா தேடணும்ப்பா, தேடுனா எபிசோடு செலவு, என்றார் அவர், செத்தா பதினஞ்சு நாள் ஓடும். சரி, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், யாமினி சாவது கதையில்தான், பயப்படாதே என்று சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டபோது போனை அப்பா எடுத்தார். ஆறு மாதம் கழித்து அந்தக் குரல். எழில் விஷயத்தைச் சொன்னார். அப்பா அதட்டவில்லை, வைத்துவிடவும் இல்லை, எந்தத் தேதில போடுவாங்க என்று கேட்டார், பஸ் நேரம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற அதே நிதானத்தோடு. அடுத்த வாரமா இருக்கும்ப்பா. சரி, உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், அன்னிக்கோட அவ அழுது முடிச்சுரட்டும். அழுது முடிச்சுரட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று மறுபடி கூப்பிட்டுக் கேட்க எழில் நினைத்தார், ஆனால் அடுத்த நாள் காலை ஆறு மணிக்குக் கால்ஷீட்.

கதை வெளியே கசியக் கூடாதென்று மூன்று நாளும் எல்லோர் போனையும் வாங்கி மேனேஜர் ஒரு சூட்கேஸில் பூட்டிவிட்டார், எழிலும் வேதவல்லியம்மாவும் ஷூட்டிங் வீட்டு மாடியிலேயே தங்கல். முதல் நாள் காலை கேட்டில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டினார்கள், தெருவே நிழலாகிற அளவுக்குப் பெரிசு, கூட்டம் உள்ளே நுழைகிற ஷாட் மத்தியானம்வரை நடந்தது, சாப்பாட்டுக்கு விட்டபோது வெற்றிலை துப்ப வெளியே போன வேதவல்லியம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். ஃபிளெக்ஸில் யாமினி என்று இல்லை. ஏ. எழிலரசி, துறையூர் ஏகாம்பரம் அவர்களின் மகள், என்று பிறந்த தேதி முதற்கொண்டு இருந்தது. பேர் என்ன போடணும் என்று ஆர்ட் அசிஸ்டெண்ட் கேட்டிருக்கிறார், ஆர்ட்டிஸ்ட் ஃபாரத்துல இருக்கும் பாரு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர் பார்த்துப் போட்டுவிட்டார், பாத்திரத்துக்கும் பாரம் சுமக்கிறவருக்கும் வேறு வேறு பேர் என்பது அவசரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. இறக்குங்கடா அதை, என்றார் வேதவல்லியம்மா. இறக்கினார்கள், அரை மணியில் யாமினி பேரில் வேறொன்று வந்தது, எல்லோரும் சிரித்தார்கள், எழில்தான் அதிகம் சிரித்தார், எழிலரசி என்ற பேரை அவர் விட்டு ஏழு வருஷம் ஆகிறது, போனால் போகட்டுமே என்றார். வேதவல்லியம்மா சிரிக்கவில்லை. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு, கடைசில சிரிக்கிற ஷாட் எடுக்காம இந்த வீட்ட விட்டு நீ படியிறங்கக் கூடாது, ஒருத்தரு அவசரம்னு சிரிக்காமக் கெளம்புனாரு, தாம்பரம் தாண்டல.

பிணமாக நடித்தவர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்து ஒரு தரம் சிரிக்க வேண்டும், அது எந்த எபிசோடிலும் வராது, எடுத்து ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள், ஆனால் எடுக்காமல் பேக்கப் சொல்ல எந்த டைரக்டருக்கும் தைரியம் வராது. எழிலுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நேற்று ராத்திரி குணாளனிடம் போய், சார், அந்தச் சிரிக்கிற ஷாட்ட மட்டும் எனக்கு அனுப்பி வைக்கறீங்களா, விக் இல்லாம எடுத்துக்கலாமா, எங்கம்மாவுக்குக் காட்டணும், என்று கேட்டார். யாமினி செத்த மறுநாள் அம்மா இதைப் பார்க்கட்டும், உட்கார்ந்து சிரிக்கிற இந்த முகத்தை, முடி வெட்டிய முகத்தை, அவள் பெற்றது இதைத்தான் என்று ஒரு தரமாவது நேராகப் பார்க்கட்டும். அவ்வளவுதான் எழிலின் திட்டம், இன்று காலையிலிருந்து பஞ்சைச் சகித்துக்கொண்டு படுத்திருந்தது அதற்காகத்தான்.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, கட், ஓகே, கைதட்டினார்கள். மூடியை எடுத்தார்கள். ஹேர் டிரஸ்ஸர் சபியா அக்கா வந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி விக்கைக் கழற்றினார், வேர்த்த தலையில் காற்றுப் பட்டது. மேனேஜர் சூட்கேஸைத் திறந்து போன்களைக் கொடுக்க ஆரம்பித்தார். கேமராவுல பேட்டரி மாத்தி முடிக்கட்டும், பஞ்ச எடுத்துராத எழில், பஞ்சோடதான் சிரிக்கணும், என்றார் குணாளன். எழில் பெட்டிக்குள் கால் நீட்டி உட்கார்ந்தபடியே போனை உயிர்ப்பித்தார், நாற்பத்தொரு அழைப்புகள், எல்லாம் முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து நேற்று மத்தியானம்வரை, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. முக்கால்வாசி சித்தப்பா மகள் பூங்கோதையிடமிருந்து. அவள் குரல் பதிவுகளைக் காதில் வைத்துக் கேட்டார், எழிலு, பஸ் ஸ்டாண்டு குரூப்புல ஒரு போட்டோ வந்திருக்கு, யாரோ ரோட்ல போறவங்க எடுத்ததாம், உம் பேரு போட்டுப் பெரிய ஃபிளெக்ஸு, போன எடுடி. அடுத்தது, பெரியப்பா வீட்டுக்கு ஆளுங்க வந்துட்டாங்க, அவரு இல்லேன்னு சொல்லுவாருன்னுதான் நானும் வாயப் பாத்துக்கிட்டு நின்னேன், அவரு சேர் எடுத்துப் போடச் சொல்றாரு. கடைசிப் பதிவு, மெதுவாக, எங்கோ மறைவில் நின்று பேசுகிற மாதிரி, சாமியானா கட்டியாச்சு, உடம்ப அங்கயே எரிச்சுட்டாங்கன்னு சொல்லிட்டாரு எழிலு, எல்லாரும் நம்பிட்டாங்க, நீ உசுரோடதான இருக்க.

சிரிக்கிறதுக்கு ரெடியாப்பா, என்கிறார் குணாளன் தூரத்திலிருந்து, எழிலுக்கு அது தண்ணீருக்கடியில் கேட்கிறது. விரல் தானாக அம்மாவின் எண்ணை அழுத்திவிட்டது. ஒரு மணி, இரண்டு மணி, மூன்றாவதில் எடுக்கப்பட்டது, பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், டம்ளர் சத்தம், ஒரு பெண் மூக்குச் சிந்துகிற சத்தம். ஹலோ யாரு. அம்மா, என்கிறார் எழில். யாரு தம்பி, கொரலு கட்டையா இருக்கே, எழிலரசிகூட வேல பாக்குற புள்ளையா. அம்மா, நான்தாம்மா, எழில். அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. உம் பேரும் எழிலா, என்கிறாள் அம்மா, அவளும் அப்படித்தான் சொல்லிக்குவா, முழுப்பேரு சொன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவா. நேத்துப் படம் மாட்டுனோம்ப்பா, தாவணி கட்டுன படம், அவங்கப்பாதான் பெட்டியிலருந்து எடுத்துக் குடுத்தாரு, கடைசியா எம்பொண்ணு என்ன சாப்புட்டா, உனக்குத் தெரியுமா. தயிர்சாதம்மா, என்கிறார் எழில், மத்தியானம் அதைத்தான் சாப்பிட்டார். வயிறு நெறஞ்சுதான் போனாளா. ம். நீ சாப்புட்டியா.

நீ சாப்புட்டியா. யாமினியிடம் எத்தனையோ வாரம் இதைக் கேட்டிருக்கிறாள், எழிலரசியிடம் கேட்டுக் கேட்டு ஊட்டியிருக்கிறாள், பஞ்சோடும் கிராப்போடும் உட்கார்ந்திருக்கிற இந்த மனிதரிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. எழிலின் முகம் கோணியது, பல் தெரிந்தது, கண் சுருங்கியது, ரோலிங்கில் இருந்த கேமரா அதைப் பிடித்துக்கொண்டது, ஓகே, நல்லாருந்துச்சு, போதும், என்று சொல்லிவிட்டுக் குணாளன் ஹெட்போனைக் கழற்றினார். வேதவல்லியம்மா மட்டும் அருகில் வந்து நின்று எழிலின் முகத்தையே பார்த்தார், அவருக்குச் சிரிப்புக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியும்.

யாரு போன்ல, என்று அந்தப் பக்கம் அப்பாவின் குரல். மெட்ராஸ்லருந்து, அவகூட வேல பாத்த புள்ள, என்கிறாள் அம்மா, குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அப்பா போனைப் பிடுங்கவில்லை, அங்கேயே நிற்கிறார் என்று எழிலுக்குத் தெரிகிறது, நின்று கேட்கிறார், தான் பிடுங்கினால் எல்லோருக்கும் முன்னால் என்ன பேச வேண்டியிருக்கும் என்று யோசிக்கிறார். வர்ற வெள்ளிக்கிழமை கருமாதி வச்சிருக்கோம்ப்பா, என்கிறாள் அம்மா, இப்போது கொஞ்சம் உரக்க, பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கட்டும் என்பதுபோல, நீ வந்துரு, முடி கிராப்பா இருந்தா இருக்கட்டும், பேண்ட்டுச் சட்டையோட அப்படியே வா, இந்த வீட்ல உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் எலை போட்டு ஒக்கார வச்சுச் சோறு போடுறேன். முடியைப் பற்றிப் போனில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. எழில் கண்ணை மூடிக்கொள்கிறார், வெள்ளிக்கிழமை துறையூரில் பஸ்ஸிலிருந்து இறங்குவது தெரிகிறது, கூண்டுக்குள் அப்பாவுக்குப் பதிலாக வேறு யாரோ குனிந்து நோட்டில் எதையோ எழுதுவது தெரிகிறது, சாமியானாவுக்கடியில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் சுவரில் ரெட்டை ஜடையும் சந்தனப் பொட்டும், அதற்குக் கீழே இலை, அந்த இலையில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து வாயில் வைத்துவிட்டால் அவ்வளவுதான், எழிலரசியைச் சாகடித்தது அப்பா மட்டும் என்று பிறகு சொல்ல முடியாது, அந்த வீட்டுக்குப் பிள்ளை கிடையாது, ஒரு விருந்தாளி உண்டு. போகாமல் இருந்தால் அதுவும் கிடையாது. எழிலு, எறங்குப்பா, பெட்டிய எடுத்துட்டுப் போக ஆளு வந்துருச்சு, என்கிறார் மேனேஜர், அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதாம். எழில் இறங்கவில்லை, பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே, மூக்கில் பஞ்சோடு, வரேம்மா என்கிறார், வரும்போது என்னம்மா கொண்டாரட்டும் என்று கேட்கிறார். ஒண்ணும் வேணாம், நீ வந்தாப் போதும், என்கிறாள் அம்மா, மால மட்டும் வாங்கிட்டு வந்துராத கண்ணு, நெறைய வந்துருச்சு.